திசையறிந்து ஓடும் விளையாட்டு

வரைபடமும் திசைகாட்டியுமாகக் காட்டினுள் புகுந்து, ஆங்காங்கே கட்டப்பட்ட வெள்ளை, செம்மஞ்சள் கொடிகளை வரிசை பிறழாது கண்டடைந்து மீளுகின்ற 'ஓரியன்டீரிங்' என்னும் விளையாட்டு, 1897இல் நோர்வேயிலே பொதுஜனப் போட்டியாகத் தொடங்கி, 1961இல் சர்வதேச சம்மேளனம் ஒன்றையும் பெற்றது.

கண்டிவாசிகள் இதனைப் பழகத் தூரதேசம் போகவேண்டியதில்லை. தலதா மாளிகைக்குப் பின்னாலேயே, நூறு ஹெக்டேயருக்குச் சற்று மேற்பட்ட உடவத்தகெலே வனம் இருக்கின்றது. 1938இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்வனத்தில் பாதையை விட்டிறங்குதல் தகாதாகையால், கொடிகளுக்குப் பதிலாக நடைபாதைச் சந்திகளையே நிலைகளாக வகுத்து, குடும்பத்தோடும் அயலவரோடும் சென்று, தாம் நிற்கும் இடத்தைப் படத்திலே பெருவிரலால் அழுத்தியபடி, சந்திதோறும் படத்தை வடக்கு நோக்கித் திருப்பிப் பார்ப்பதே நல்ல ஆரம்ப அப்பியாசம்.

படத்திலே பழுப்பு நிறச் சமவுயரக் கோடுகள் நெருங்கி நின்றால் ஏற்றம் கடினமென்பது, கண்டியை அடுத்த ஹந்தானை மலைச் சரிவிலே மூச்சு வாங்கும்போது கால்களுக்கே விளங்கிவிடும். மழைநாளில் வருவோர் அட்டைக்கடியைத் தடுக்கச் சவர்க்காரக் கட்டி ஒன்றும் கொண்டுவருக. அட்டைகளுக்கு வரைபடம் வேண்டுவதில்லை!