உங்களுக்குத் தெரியுமா? ஃபேன் கோளாறா, சென்சார் கோளாறா?

■ பெரிய எக்ஸ்கவேட்டர்கள், வீல் லோடர்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றுவது பெல்ட் அல்ல, ஹைட்ராலிக் மோட்டார். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு.

■ அந்த வால்வுக்கு மின்சாரம் நின்றால், பெரும்பாலான அமைப்புகளில் ஃபேன் நிற்காது. முழு வேகத்தில் ஓடும். எஞ்சின் கொதித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. குளிர்ந்த காலையிலேயே ஃபேன் இரைந்தால், ரேடியேட்டரைக் கழுவும் முன் வயரிங்கைப் பாருங்கள்.

■ ஃபேன் வேகத்தைத் தீர்மானிக்க உதவும் கூலன்ட் வெப்ப சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். பரவலாகப் புழங்கும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் சுமார் 320 ஓம். வயர் அறுந்தால் கட்டுப்பாட்டுக் கணினிக்கு அது கடுங்குளிராகத் தெரியும். பாடியில் உரசி ஷார்ட் ஆனால் கடும் வெப்பமாகத் தெரியும்.

■ கனரக இயந்திரங்களின் கணினிகள் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையின் பிழைக் குறியீடுகளில் 1639 என்பது ஃபேன் வேகம். உடன் வரும் எண் 3 என்றால் மின்னழுத்தம் அதிகம். 4 என்றால் குறைவு. 5 என்றால் சர்க்யூட் அறுந்திருக்கலாம்.

■ ஃபேன் வேக சென்சார் காந்த வகை என்றால், முனையில் இரும்புத் தூள் ஒட்டினாலும் கணக்குத் தவறும்.

■ குறியீடு வந்ததுமே சென்சாரை மாற்றிவிடாதீர்கள். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பிடித்திருக்கிறதா, தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். மல்டிமீட்டரில் தடையை அளந்தபடியே வயரை ஆட்டுங்கள். அளவு துள்ளினால் கோளாறு வயரில் அல்லது கனெக்டரில்தான்.