ஓர்காவுக்கு ஏது பகை?

2023 மே மாதம் ஸ்பெயினின் தென்கரையை ஒட்டிய கடலில் ஒரு பாய்மரப் படகின் சுக்கானை ஓர்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) உடைத்தன. படகில் இருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். பார்பாத்தே துறைமுகத்துக்கு இழுத்து வரும்போது படகு மூழ்கியது. அந்த மாதமே உலக ஊடகங்களுக்கு ஒரு கதாநாயகி கிடைத்துவிட்டாள். பெயர் ‘வெள்ளை கிளாடிஸ்’. படகு மோதிக் காயப்பட்ட அந்தப் பெண் ஓர்கா, பழிவாங்குவதற்காகத் தன் கூட்டத்தைப் பழக்குகிறது என்றார்கள். அடிபட்ட பாம்பு ஆளைத் தேடிவரும் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை நம்புவதில் சிரமமே இல்லை.

இந்த ஓர்காக்களை ஆராயும் அல்ஃபிரெடோ லோபஸ் சொன்னதிலிருந்து முளைத்த கதை இது. ஏதோவொரு கசப்பான அனுபவம் இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்திருக்கலாம். அல்லது அவை தாமே கண்டுபிடித்த விளையாட்டாகவும் இருக்கலாம் என்று இரண்டு ஊகங்களை அவர் முன்வைத்தார். முதல் ஊகம் தலைப்புச் செய்தியானது. இரண்டாவதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கடலில் நடப்பது என்ன? ஓர்காக்கள் படகின் பின்பக்கமாக வந்து, நீருக்கடியில் இருக்கும் சுக்கானைத் தலையால் முட்டித் தள்ளுகின்றன. மேலே சுக்கான் சக்கரம் தானாகச் சுழல்கிறது, படகு திசைமாறுகிறது. சுக்கான் ஒடிந்ததும் பெரும்பாலும் ஆர்வம் தீர்ந்து போய்விடுகின்றன. ஆட்களை அவை தேடுவதில்லை. இதில் முன்னால் நிற்பவை பெரும்பாலும் இளம் விலங்குகள். 2020 முதல் நூற்றுக்கணக்கான சம்பவங்கள் பதிவாகியும், சில படகுகள் மூழ்கியும், ஓர்காவால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

சர்வதேசத் திமிங்கல ஆணையத்தின் வல்லுநர் குழுவும் 2024இல் இதை விளையாட்டு என்றே கணித்தது. ஒருகாலத்தில் அளவுமீறிப் பிடிக்கப்பட்டு அருகிய, இந்த ஓர்காக்களின் இரையான நீலத்துடுப்புச் சூரை மீன் இப்போது மீண்டும் பெருகியிருக்கிறது. இரை தேடும் நேரம் குறைந்ததால் ஓய்வு கூடியிருக்கலாம் என்கிறார்கள். ஓர்காக்களிடம் இப்படி ஒரு மோகம் பரவுவது புதிதல்ல. 1987இல் அமெரிக்காவின் வடமேற்குக் கடலில் ஒரு பெண் ஓர்கா செத்த சால்மன் மீனைத் தலையில் சுமந்து திரிந்தது. சில வாரங்களில் மற்றக் கூட்டங்களும் அதையே செய்தன. பிறகு அந்த மோகம் ஓய்ந்துவிட்டது.

படகுகளை முட்டும் இந்த ஐபீரிய ஓர்காக்கள் மொத்தமே நாற்பதுக்கும் குறைவு. அழிவின் விளிம்பில் இருக்கும் இனக்குழு இது. இவற்றை எதிரியாகச் சித்திரித்தால், பயந்துபோன மாலுமி வெடியை எடுத்து வீசவும் தயங்கமாட்டார். அந்த அச்சத்தில்தான் 2023 ஆகஸ்டில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள், பழிவாங்கல் கதையைக் கைவிடும்படி பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

படகோட்டிக்குத் தேவைப்படுவது வேறு செய்தி. ஜிப்ரால்டர் நீரிணைப் பகுதியில் கரையை ஒட்டியே செல்லுங்கள், ஓர்கா வந்தால் நிற்காமல் ஆழம் குறைந்த பக்கம் ஓட்டுங்கள் என்கிறது ஸ்பெயின் அரசு. முட்டையிடுவதற்காக வசந்தத்தில் அந்த நீரிணை வழியே சூரை மத்தியதரைக் கடலுக்குள் போகிறது. அதன் பின்னாலேயே ஓர்காவும் வருகிறது. இவ்வளவு தெரிந்தால், எந்த மாதம் எந்த வழியைத் தவிர்ப்பது என்று மாலுமியே முடிவுசெய்துகொள்வார். கிளாடிஸின் கோபத்தைப் பற்றி எத்தனை பத்தி படித்தாலும் அவருக்கு அது தெரியப்போவதில்லை.