ஈரல் தழும்பு ஆறுமா?

வயிற்று ஸ்கேன் எடுத்துவரும் நடுத்தர வயதுக்காரர்கள் பலரின் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’. ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். ஈரலில் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. உயிருக்கு உலை வைப்பதோ அந்தத் தழும்புதான். மருத்துவர்கள் அதை ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள்.

ஈரலுக்குள் நட்சத்திர வடிவச் செல்கள் உண்டு. 1876-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் அவற்றை விவரித்தார். நலமான ஈரலில் அவை வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு அமைதியாகக் கிடக்கும். மதுவோ கொழுப்போ வைரஸோ ஈரலை விடாமல் புண்ணாக்கும்போது விழித்துக்கொண்டு கொலாஜன் நாரை நெய்யத் தொடங்கும். புண்ணை மூடத்தான் நெய்கின்றன; புண் ஓயாததால் நெசவும் ஓய்வதில்லை. தழும்பில்லாத நிலை எஃப்-0. அங்கிருந்து படிப்படியாக ஏறி எஃப்-4-ஐத் தொட்டால் அதுதான் சிரோசிஸ்.

ஏறிய தழும்பு இறங்காது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2013-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிட்ட 348 பேருக்குத் தொடக்கத்திலும் ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஈரலிலிருந்து சதை எடுத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்குத் தழும்பு குறைந்திருந்தது. முதலில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது இல்லை! இத்தனைக்கும் அந்த மாத்திரை தழும்பைத் தொடவே இல்லை. வைரஸை அடக்கியது, மீதியை ஈரலே பார்த்துக்கொண்டது.

ஹெபடைடிஸ் பி என்றதும் சென்னை நினைவுக்கு வருகிறது. 1988-ல் அதே ‘லான்செட்’டில் எஸ்.பி.தியாகராசன் குழுவினரின் கீழாநெல்லி ஆய்வு வெளியானது. அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லியைத் தேடிப் போகும் மண் இது. எனக்கும் அந்தச் செடிமீது பாசம் உண்டு. அதற்காக, ஏறிக்கொண்டிருக்கும் தழும்புக்கு அதையே நம்பி மாதங்களைத் தொலைப்பது தவறு.

கொழுப்பால் வரும் தழும்புக்குத்தான் மருந்து கிடைக்காமல் திணறினார்கள். செலோன்செர்டிப் என்ற மருந்து 2019-ல் சோதனையில் தோற்றது. ஒபெட்டிகோலிக் அமிலத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-லும் 2023-லும் திருப்பி அனுப்பியது. கடைசியில், 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. தைராய்டு ஹார்மோன் ஈரலில் செய்யும் வேலையைத் தூண்டி, கொழுப்பை எரிக்க வைக்கும் மருந்து இது. 966 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டில் தழும்பு ஒரு படியாவது இறங்கியது கூடிய அளவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு. வெற்று மாத்திரையில் 14 சதவீதம். அடுத்து 2025 ஆகஸ்டில், உடல் எடையைக் குறைப்பதற்காகப் பேர்பெற்ற செமாகுளுடைடு ஊசிக்கும் அனுமதி தந்தார்கள். அதில் 37 சதவீதம். வெற்று ஊசியில் 22.

இந்த எண்களைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். மூன்றில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவில்தான் பலன். அதுவும் எஃப்-2, எஃப்-3 நிலையில் இருப்பவர்களுக்கு. சிரோசிஸ் வந்தவர்களுக்கு இந்த அனுமதி பொருந்தாது.

எடையைக் குறைத்தாலே போதாதா என்று கேட்கலாம். கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்தார்கள். எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு இறங்கியது. மாத்திரையையே மிஞ்சுகிற கணக்கு! ஆனால் அவ்வளவு குறைக்க முடிந்தவர் பத்தில் ஒருவர்தான். அதனால், ‘வாயைக் கட்டு’ என்று அறிவுரை சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவது நியாயமல்ல. மருந்தும் வேண்டும், துணையும் வேண்டும்.

சர்க்கரை நோயோ பருத்த உடலோ மதுப் பழக்கமோ இருப்பவர்கள் கிரேடு எண்ணோடு நின்றுவிடாதீர்கள். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகிய நான்கை வைத்தே ‘ஃபிப்-4’ என்ற கணக்கைப் போட்டுவிடலாம். அது கூடுதலாக இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் பாருங்கள். ஊசியும் கத்தியும் இல்லாத சோதனைதான். ஹெபடைடிஸ் பி, சி சோதனையை ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது கேளுங்கள்: “என் ஈரலில் தழும்பு எந்த நிலையில் இருக்கிறது?”