ஜாடிக்குள் பூக்கும் பூஞ்சை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அக்டோபர் பிறந்துவிட்டால், தோட்டத்தில் கஞ்சா வைத்திருப்பவர்களுக்குக் கை ஓயாது. வீட்டுக்கு நான்கு செடி வரை வளர்க்க 2018 அக்டோபர் 17 முதல் சட்டம் இடம் தருகிறது. விதை, விளக்கு, உரம் என்று வளர்ப்பைப் பற்றி ஏராளமாகப் பேசியாகிவிட்டது. அறுத்த பிறகு வீட்டுக்குள் நடப்பதுதான் என் கவலை.

அங்கே அறுவடை மழையும் குளிருமான நாட்களில் வருகிறது. உறைபனி விழுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்ற அவசரத்தில் நனைந்த செடியையே பேஸ்மென்டில் தலைகீழாகத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. பச்சைப் பூவின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதுவும் நிதானமாக. இருட்டறை, 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், 50 முதல் 60 சதவீத ஈரப்பதம், மெல்லிய காற்றோட்டம் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் காயும். சூடேற்றி அவசரப்படுத்தினால் வாசனை எண்ணெய்கள் பறந்துபோய் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். சிறு காம்பை வளைத்தால் மடங்காமல் ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

அடுத்தது கண்ணாடி ஜாடி. முக்கால் அளவுக்கு நிரப்பி மூடிவிட்டு, முதல் இரண்டு வாரம் தினமும் சற்று நேரம் திறந்து வைக்கிறார்கள். உள்ளிருக்கும் ஈரம் சீராகப் பரவுகிறது, பச்சையம் மெல்லச் சிதைகிறது, புகையின் காரம் தணிகிறது. வெளிச்சமும் வெப்பமும் படாமல் வைத்தால் வீரியமும் சீக்கிரம் குறையாது. வளர்ப்பவர்கள் மிகவும் ரசித்துச் செய்யும் வேலை இது.

என்னைப் பயமுறுத்துவதும் இதுவே. மேலாகக் காய்ந்த நெல்லை மூட்டை கட்டினால் உள்ளே புழுங்கும் அல்லவா, இங்கேயும் அப்படித்தான். மூடிய ஜாடிக்குள் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திறந்ததும் அம்மோனியா நெடி அடித்தால் உள்ளே ஏதோ அழுகத் தொடங்கிவிட்டது. பாட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூஞ்சை கொழுத்த பூக்கொத்தின் நடுத்தண்டில் பிடிக்கும். பிய்த்துப் பார்க்காமல் தெரியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் அதைவிடக் கொடியது. அதன் வித்துகள் புகையோடு நுரையீரலுக்கே போய்ச் சேரக்கூடியவை. பூஞ்சை படிந்த கஞ்சாவைப் புகைத்த, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றில் இறந்ததை 1988இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்தது.

காலங்காலமாக இப்படித்தான் உலர்த்துகிறோம், ஒன்றும் ஆனதில்லை என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். திடகாத்திரமானவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் கீமோதெரபியின் குமட்டல் தாளாமல் இதை நாடுகிறவருக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கக்கூடுமே! உரிமம் பெற்ற உற்பத்தியாளரின் சரக்கு நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பிறகுதான் கடைக்கு வருகிறது. அன்போடு வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஜாடிக்கு எந்தச் சோதனையும் கிடையாது. அடுப்பில் சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு: பூஞ்சை செத்தாலும் அது விட்டுச்செல்லும் நஞ்சு சாதாரணச் சூட்டில் அழியாது.

ஒரு பூவில் வெள்ளை நூல் தெரிந்தால் அதை மட்டும் கிள்ளி எறிவது போதாது. ஜாடி முழுவதையும் கொட்டிவிட வேண்டும். நோயாளிக்கு வீட்டுச் சரக்கைக் கொடுக்கவே கூடாது. அவர் புகைப்பதே ஆபத்து என்பதால், வேறு எந்த வடிவில் எடுப்பதென்றாலும் சிகிச்சை தரும் மருத்துவரிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.