குரோம்பேட்டையில் மூன்று நாட்கள்



ஆசிரியரை மதிக்க வேண்டும் என்று உணர்த்தும் சிறுவர் குறும்படங்களுக்கு இன்று பஞ்சமில்லை. செப்டம்பர் 5 நெருங்கினால் போதும். கைப்பேசி உள்ள வீடுகளுக்கெல்லாம் நான்கைந்தாவது வந்து சேர்ந்துவிடும். கதை பெரும்பாலும் ஒன்றுதான். குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் ஆசிரியரைக் கேலி செய்கிறான். கரும்பலகையில் அவரைக் கோணலாக வரைகிறான். பிறகு அவனுக்கு விபத்து நேர்கிறது, அல்லது கட்டணம் கட்ட வழியில்லாமல் போகிறது. ஆசிரியர் இரத்தம் கொடுக்கிறார், இல்லையேல் மோதிரத்தை விற்றுப் பணம் கட்டுகிறார். பையன் அழுதுகொண்டே அவர் காலில் விழுகிறான். இசை ஓங்க, படம் முடிகிறது.

இவற்றை எடுப்போரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாலையில் ஓதவரும் பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பார்க்கும்போது ஒரு கேள்வி உறுத்துகிறது. இரத்தம் கொடுக்க நேராத, மோதிரமே இல்லாத ஆசிரியர் என்ன ஆவார்? ஒழுங்காகப் பாடம் நடத்தி, எழுதிவரச் சொல்லி, எழுதாதவனைக் கண்டித்துவிட்டு வீடு திரும்பும் சாதாரண ஆசிரியர் மதிப்புக்கு உரியவர் இல்லையா? மேலும், காலில் விழுவது நமது வழக்கமன்று. இறைவனுக்கன்றி வேறெவருக்கும் சிரம் தாழ்த்தாத நம் வீட்டுப் பிள்ளை தன் மதிப்பை வேறெவ்விதம் காட்டுவான்? அதை இப்படங்கள் சொல்லித் தருவதில்லை.

இது சிறிய குறையன்று. 2012 பிப்ரவரியில் சென்னைப் பாரிமுனைப் பகுதிப் பள்ளியொன்றில் 9-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே கத்தியால் குத்திக் கொன்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவனது படிப்பைக் குறித்துப் பெற்றோருக்கு அவர் எழுதியனுப்பிய குறிப்புகளே அவனுக்குச் சினமூட்டின என்று அன்று செய்திகள் வந்தன. கண்டிப்பைப் பகையாகவே எடுத்துக்கொண்ட பிள்ளை அவன். அத்தகைய பிள்ளைக்குக் காட்டத்தக்க கதை எது என்று தேடினால், நாம் தொலைவு போகவேண்டியதில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது நிலையத்தில் இறங்கிவிடலாம்.

தோல் பதனிடும் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் அவர்கள் நிறுவியது எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி. இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். 1950-களின் நடுவில் இராமேசுவரத்திலிருந்து ஓர் இளைஞர் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தார். சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரால் இயலவில்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவற்றைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவதாக அத்தம்பி உறுதி பூண்டார். உதவித்தொகை பெற்றுப் படித்தால்தான் அது நடக்கும். அந்த இளைஞர்தான் மர்ஹூம் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள்.

படிப்பின் இறுதிக் காலத்தில் அவரும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டியிருந்தது. காற்றியக்க வடிவமைப்பு கலாமின் பங்கு. ஒருநாள் வேலையைப் பார்வையிட்ட பேராசிரியர் சீனிவாசன், முன்னேற்றம் போதவே போதாது என்று சொல்லிவிட்டார். கல்லூரியின் இயக்குநரும் அவரே. கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். அன்று வெள்ளிக்கிழமைப் பிற்பகல். திங்கட்கிழமைக் காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார் ஆசிரியர். கலாமின் நிலையை எண்ணிப் பாருங்கள். உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும்; அக்காவின் வளையல்கள் அடகிலேயே கிடக்கும்.

அவர் யாரிடமும் முறையிடவில்லை. இரவு உணவையும் விட்டுவிட்டு வரைபலகை முன் நின்றார். மறுநாள் காலை குளித்து உணவருந்த ஒரு மணி நேரம் மட்டுமே எடுத்துக்கொண்டார். மீண்டும் வேலை. ஞாயிறு காலை, வரைபடம் முடியும் தறுவாயில், அறையில் யாரோ இருப்பதை உணர்ந்து திரும்பிப் பார்த்தார். டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையில் வந்திருந்த சீனிவாசன், சற்றுத் தொலைவில் நின்று அவரையே கவனித்துக்கொண்டிருந்தார். அருகே வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார். இயலாத கெடுவை விதித்து நெருக்கடி தருகிறோம் என்று தமக்குத் தெரிந்தே இருந்ததையும், இவ்வளவு சிறப்பாகச் செய்வார் என எதிர்பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். 1999-இல் வெளிவந்து, தமிழில் 'அக்கினிச் சிறகுகள்' எனப் பெயர் பெற்ற தன்வரலாற்றில் கலாம் அவர்களே எழுதிய செய்தி இது.

ஏழை மாணவனிடம் உதவித்தொகையைக் காட்டி மிரட்டுவது சரியா என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்; எனக்கும் அந்த மிரட்டல் உவப்பாயில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். விடுமுறை நாள், வரவேண்டிய கட்டாயமில்லை. கெடு விதித்தவர் வீட்டில் இருந்துவிடவில்லை. தம் மாணவன் என்ன ஆனான் என்று பார்க்க வந்தார். இக்கதையைப் படமெடுப்போர் வெள்ளிக்கிழமையைக் காட்டி ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் அச்சம் மட்டுமே மிஞ்சும். பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஓதும் பள்ளிகளில் இன்னும் பிரம்பை நம்பியிருக்கும் என் சக உஸ்தாதுகள் இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சற்றுச் சிந்திக்கட்டும்.

மாணவன் காட்டிய மதிப்பு எது? அவர் காலில் விழவில்லை, மலர் கொடுக்கவில்லை. ஆசிரியர் சொன்ன சொல்லைப் பொருட்டாக எடுத்துக்கொண்டு, தூக்கத்தையும் விட்டு வேலையை முடித்தார். வெள்ளிதோறும் நாம் ஓதும் கஹ்ஃபு சூராவில், கல்வி தேடிச் சென்ற மூஸா நபி (அலை) அவர்களிடம் முதலில் பேசப்படுவதும் பொறுமை என்ற நிபந்தனையே அல்லவா?

இதைப் படமாக்கப் பெருஞ்செலவு வேண்டாம். ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பையன், கதவருகே ஒருவர். ஈரான் நாட்டு இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமி 1987-இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' என்ற படத்தில், தவறுதலாகத் தன்னிடம் வந்துவிட்ட நண்பனின் வீட்டுப்பாட நோட்டைத் திருப்பித் தர ஒரு சிறுவன் அடுத்த ஊருக்கு ஓடுகிறான், அவ்வளவே கதை. அதில் எவரும் நீதி உரைப்பதில்லை. நம் குறும்படக்காரர்கள் இசையைக் குறைத்து அதை ஒருமுறை பார்க்கலாம்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இக்கதையில் பங்குண்டு. இராமேசுவரத்தில் சிறுவன் கலாம் விடியற்காலையில் கணக்குப் பாடத்துக்குப் போய்த் திரும்பும்வரை தந்தை ஜைனுலாப்தீன் காத்திருந்து, தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் அழைத்துச் செல்வாராம். ஆசிரியரின் வேலை பெரிது என்று அவர் மகனிடம் வாயால் சொல்லியிருக்கத் தேவையில்லை. இன்றோ, பள்ளி ஆசிரியை நாட்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், கையொப்பமிடும் முன்பே, பிள்ளையின் காதுபட, இவளுக்கு என்ன தெரியும் என்கிறோம். ஹஜ்ரத்தின் சம்பளத்தையும் சைக்கிளையும் பற்றிச் சாப்பாட்டு விரிப்பில் அமர்ந்து சிரிக்கிறோம். பிறகு மதிப்பு கற்பிக்கும் குறும்படத்தை அதே பிள்ளைக்குக் காட்டுகிறோம்.

ஆசிரியர் எல்லாரும் ஒரே தரத்தினர் என்று நான் வாதிடவில்லை. இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் குருக்களின் மகன் அருகே முஸ்லிம் சிறுவன் உட்காரலாகாது என்று கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அழுதுகொண்டிருந்த தோழனின் தந்தை இலட்சுமண சாஸ்திரியே அவரை அழைத்துக் கண்டித்தார்; அவரும் மனம் மாறினார். அதே பள்ளியின் சிவசுப்பிரமணிய ஐயர் கலாமை வீட்டுக்கு அழைத்தபோது, மனைவியார் தம் சமையலறையில் அவருக்கு உணவளிக்கத் தயங்கினார். ஐயர் தம் கையாலேயே பரிமாறி, அருகே அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். அம்முறை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துச் சென்று பரிமாறினார்.

குரோம்பேட்டையில் படிப்பு முடிந்து பிரிவுபசாரத்தின்போது, மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்க, பேராசிரியர்கள் முன்னே அமர, புகைப்படம் எடுக்க ஏற்பாடாயிற்று. ஆஸ்திரியாவில் பிறந்து, உலகப் போரில் நாஜிகளின் சிறைமுகாமில் வாடியவரான ஸ்பாண்டர் என்னும் பேராசிரியர் எழுந்து கண்களால் தேடினார். கலாம் கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவரை அழைத்து, முன்வரிசையில் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார்.