கோழித் தடுப்பூசிக்குக் கைகொடுத்த ஜவ்வரிசி!

பாயசத்துக்குப் போடும் ஜவ்வரிசிக்கும் கோழிக்குப் போடும் தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது!

1920-களில் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தில் கஸ்தோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர், டிப்தீரியா மருந்து தயாரிப்பதற்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டு வந்தார். ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்த குதிரைகளின் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி கூடுதலாக இருந்தது. 'வேண்டுமென்றே கொஞ்சம் உறுத்தலை உண்டாக்கினால் என்ன?' என்று யோசித்தவர், ஜவ்வரிசியையும் ரொட்டித் தூளையும் மருந்தோடு கலந்து பார்த்தார். பலன் கிடைத்தது. இப்படித் தடுப்பூசிக்குத் துணை நிற்கும் பொருள்தான் 'அட்ஜுவன்ட்'.

பறவைக் காய்ச்சலில் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது. 1997-ல் ஹாங்காங்கில் இந்த வைரஸ் 18 பேரைத் தாக்கியது. 6 பேர் இறந்தனர். இந்தியாவில் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதலில் தலைகாட்டியது. இன்றும் நோய் உறுதியானால், சுற்றிலும் 1 கி.மீ. தூரத்துக்குள் உள்ள கோழிகளை அழிப்பதுதான் நடைமுறை. ஒரே நாளில் பண்ணை காலி!

சீனா பல ஆண்டுகளாகத் தடுப்பூசி போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் வாத்துகளுக்குத் தொடங்கியது. செயலிழந்த வைரஸை மட்டும் செலுத்தினால் கோழியின் உடல் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால் எண்ணெயில் குழைத்துப் போடுகிறார்கள். எண்ணெய் மருந்தை மெல்ல மெல்ல வெளியே விடும்; அந்த உறுத்தல் நோய் எதிர்ப்பு செல்களை அங்கே வரவழைக்கும்.

ஆனால் சிக்கலும் உண்டு. ஒவ்வொரு கோழியாகப் பிடித்து ஊசி போட வேண்டும். முழுப் பாதுகாப்பு வரச் சில வாரங்கள் ஆகும். பிராய்லர் கோழியோ சுமார் 40 நாளில் கடைக்குப் போய்விடும்! இன்னொரு ஆபத்து, அரைகுறை எதிர்ப்பு சக்தி. கோழி நன்றாகத்தான் மேயும். ஆனால் எச்சத்திலும் சளியிலும் வைரஸைப் பரப்பிக்கொண்டிருக்கும். இதனால்தான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்றவற்றைச் சேர்த்து, மூக்கு வழியே கொடுக்கும் மருந்துகளை ஆராய்கிறார்கள். வைரஸ் நுழையும் வாசலிலேயே காவல் போடும் முயற்சி இது.

நம் பங்குக்கு? முட்டையையும் கறியையும் முழுமையாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயம் வேண்டாம். 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைரஸ் அழிந்துவிடும். கோழிகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் மட்டும் கையால் தொடாதீர்கள். கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்!