கண்மாய் காக்கும் கல்வி
ஊர்ப்பெயரிலேயே குளத்தைத் தாங்கி நிற்பது ஆலங்குளம். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கண்மாய்களைக் குடிமராமத்து என்னும் முறையால் நம் முன்னோர் பேணினர். அம்முறை தளர்ந்தபின் அப்பொறுப்பை மாணவரிடம் ஒப்படைத்தல் எங்ஙனம் என எண்ணிப் பார்ப்போம்.

கரையில் கன்று நட்டுக் கலைவது மட்டும் மீட்பாகாது. வரத்துக்கால் அடைபட்டிருப்பின் எத்துணை ஆழம் தோண்டினும் நீர் வந்து சேராது. எனவே, முதற்பாடம் வரத்துக்காலைத் தலைப்பு வரை நடந்து கண்டறிதல். அடுத்தது சீமைக்கருவேலம். மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும்; வேரொடு களைதல் வேண்டும். ஆயினும், பறவைகள் கூடுகட்டும் மரங்களை ஆராயாது அகற்றலாகாது. அதனால் பறவைகளை எண்ணிக் குறிப்பதும் பாடமாகிறது. ஆண்டுதோறும் எழுதிவைக்கும் கணக்கே கண்மாயின் நலனைக் காட்டும். தாமிரபரணிப் பகுதியில் 2011 முதல் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் பங்கேற்று வருகின்றனர்.

1971 பிப்ரவரி 2-இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் ஈரநில உடன்படிக்கை உருவாயிற்று. அந்நாளே உலக ஈரநில நாளாகும். ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. அதனை ஓதி அறிந்த நாம், ஊர்ப் பெரியோர் வழிகாட்ட, துறைதோறும் ஒரு கண்மாயை ஏற்று ஆண்டு முழுவதும் பேணுவோமாக.